சொந்த டிரில் மெஷின் கொண்டு வரக் கூடாது! அமெரிக்க யூனியன் எலக்ட்ரீஷியனின் டூல் லிஸ்ட் சொல்லும் கதை

அமெரிக்காவில் யூனியன் வழியாக எலக்ட்ரீஷியன் அப்ரண்டிஸாகச் சேரும் ஒருவருக்கு, வேலைக்குப் போவதற்கு முன்பே ஒரு தாள் கைக்கு வந்துவிடும். குறடு, ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், இன்ச் டேப், ரசமட்டம் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். பார்த்தால் ஹார்டுவேர் கடை பில் மாதிரிதான் தெரியும்.

ஆனால், அந்தத் தாளில் ஒரு விசித்திரம் உண்டு. அதில் இருப்பதை உங்கள் காசில் வாங்கியே ஆக வேண்டும் என்பது பாதி விதி. அதில் இல்லாததை வேலைக்குக் கொண்டு வரவே கூடாது என்பது மீதி விதி.

வேலை சீக்கிரம் முடியட்டுமே என்று, உங்களுடைய பேட்டரி டிரில் மெஷினை எடுத்துக்கொண்டு போனால் பாராட்டு கிடைக்காது. பக்கத்தில் இருக்கும் சீனியரே தடுத்து, வண்டியில் வைத்துவிட்டு வரச் சொல்வார். பல ஊர்களில் இது யூனியன் விதியை மீறிய குற்றமாகவும் பார்க்கப்படும்.

சொந்தப் பொருளைக் கொண்டு வந்து உழைக்கிறேன் என்றால் அதில் என்ன தப்பு? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் விஷயமே இருக்கிறது. முதலில் இவர்கள் யார் என்று பார்த்துவிடுவோம்.

*யார் இந்த யூனியன் எலக்ட்ரீஷியன்கள்?*

அமெரிக்காவிலும் கனடாவிலும் மின் தொழிலாளர்களுக்கு இருக்கும் பெரிய சங்கத்தின் சுருக்கப் பெயர் ஐபிஇடபிள்யூ. சர்வதேச மின் தொழிலாளர் சகோதரத்துவம் என்று தமிழில் சொல்லலாம். ஓய்வு பெற்றவர்களையும் சேர்த்தால் 7 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். அதனால்தான் சைட்டில் ஒருவரையொருவர் 'பிரதர்', 'சிஸ்டர்' என்று அழைக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது.

இது தொடங்கியது 1891 நவம்பரில், செயின்ட் லூயிஸ் நகரில். ஒரு நடன அரங்கத்தின் மேல்மாடி அறையில் 10 பிரதிநிதிகள் கூடினார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தது மொத்தம் 286 உறுப்பினர்கள்தான். மின்சாரம் அப்போது புதுத் தொழில். பாதுகாப்பு விதி என்று பெரிதாக எதுவும் கிடையாது. சங்கத்தின் முதல் தலைவர் ஹென்றி மில்லரே, 1896-ல் வாஷிங்டனில் புயலுக்குப் பிறகு லைனைச் சரிசெய்யும்போது ஷாக் அடித்துக் கம்பத்தில் இருந்து விழுந்து இறந்தார்.

சங்கத்தின் கிளைகளை 'லோக்கல்' என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நியூயார்க்கில் லோக்கல் 3, லாஸ் ஏஞ்சலஸில் லோக்கல் 11, சிகாகோவில் லோக்கல் 134. ஒவ்வொரு லோக்கலும் தன் பகுதி கான்ட்ராக்டர்களுடன் தனி ஒப்பந்தம் போடும். சம்பளம், ஓவர்டைம், ஓய்வூதியம் எல்லாம் அதில்தான். நாம் பேசும் டூல் லிஸ்ட்டும் பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதி.

*5 வருஷப் படிப்பு, சம்பளத்தோடு*

கட்டடங்களுக்குள் வயரிங் செய்யும் பிரிவுக்கான அப்ரண்டிஸ்ஷிப் பொதுவாக 5 ஆண்டுகள். சைட்டில் 8,000 மணி நேர வேலை. அதோடு சுமார் 900 மணி நேர வகுப்பு. சேருவதற்கு அல்ஜீப்ரா தெரிந்திருக்க வேண்டும். கணக்கு, வாசிப்புத் திறன் இரண்டிலும் தேர்வு உண்டு. அதன் பிறகு இன்டர்வியூ. இந்தப் பயிற்சியை யூனியனும் கான்ட்ராக்டர்கள் சங்கமும் சேர்ந்தே நடத்துகின்றன. 1941-ல் இருந்து நடக்கும் ஏற்பாடு இது.

பயிற்சிக்காலம் முழுக்கச் சம்பளம் உண்டு. ஆனால், ஆரம்பத்தில் முழுத் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனின் சம்பளத்தில் ஏறக்குறைய பாதிதான். சில ஊர்களில் அதைவிடவும் குறைவு. மணி நேரக் கணக்கு ஏற ஏற, சம்பளமும் படிப்படியாக ஏறும். முடித்துவிட்டால் 'ஜர்னிமேன்'. அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரப்படி 2024 மே மாதம் எலக்ட்ரீஷியன்களின் நடுநிலை ஆண்டு வருமானம் 62,350 டாலர். பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே என்று அர்த்தம்.

ஆக, நல்ல வேலைதான். ஆனால், கையில் காசு குறைவாக இருக்கும் முதல் மாதத்தில்தான் டூல்ஸ் வாங்க வேண்டியிருக்கிறது. எதை வாங்குவது, எதை விடுவது என்று தெரியாமல் ஒரு அப்ரண்டிஸ் பர்ஸைக் காலி செய்துகொள்ளும் இடம் இதுதான்.

*லிஸ்ட்டில் என்னென்ன இருக்கும்?*

லோக்கலுக்கு லோக்கல் சில பொருட்கள் மாறும். ஆனால், அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான்.

*லைன்மேன் குறடு:* நம்ம ஊரில் 'கட்டிங் பிளேயர்' என்று கேட்டு வாங்குவோமே, அதன் கனமான அண்ணன். நீளம் 9 இன்ச். வயரை வெட்டுவது, இரண்டு மூன்று வயர்களைச் சேர்த்து முறுக்குவது, இழுப்பது என எல்லாவற்றுக்கும் கை முதலில் தேடுவது இதைத்தான். பலர் இதை 'க்ளைன்ஸ்' என்று பிராண்ட் பெயரிலேயே கூப்பிடுவார்கள்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1857, சிகாகோ. தந்திக் கம்பி வேலை பார்க்கும் ஒருவர், ஒரு பக்கம் உடைந்துபோன குறடை மத்தியாஸ் க்ளைன் என்பவரின் பட்டறைக்குக் கொண்டு வருகிறார். க்ளைன் ஒரு புதுப் பாதியை அடித்துப் பழைய பாதியோடு இணைத்துத் தருகிறார். கொஞ்ச நாளில் அந்தப் பழைய பாதியும் உடைகிறது. திரும்பி வந்தவருக்கு அடுத்த பாதியையும் அடித்துக் கொடுக்கிறார். முதல் முழு க்ளைன் குறடு உருவானது இப்படித்தான் என்கிறது அந்த நிறுவனம்.

*வாட்டர் பம்ப் பிளேயர், இரண்டு:* வாயை அகலமாகவும் குறுகலாகவும் மாற்றி வைத்துக்கொள்ளும் குறடு. அங்கே இதன் பெயர் 'சேனல்லாக்ஸ்'. பென்சில்வேனியா மாநிலத்து மீட்வில் ஊர் நிறுவனம் ஒன்று 1930-களில் கொண்டு வந்த வடிவம். பெயர் அவ்வளவு பிரபலமானதால், பிற்பாடு நிறுவனமே தன் பெயரைச் சேனல்லாக் என்று மாற்றிக்கொண்டது. ஏன் இரண்டு? வயர் போகும் இரும்புப் பைப்பை இணைக்கும்போது, ஒன்றால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருக வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பாதி வேலைதான் நடக்கும்.

*சைடு கட்டர்:* குறுகலான இடத்தில் வயரை ஒட்ட வெட்ட. ஆணி, ஸ்டேபிள் பிடுங்கவும் உதவும்.

*வயர் ஸ்ட்ரிப்பர்:* உள்ளே இருக்கும் செம்பில் கீறல் விழாமல் மேல் தோலை மட்டும் உரிக்க. பல்லாலும் பிளேடாலும் உரிக்கும் பழக்கம் இருந்தால் முதல் நாளே மறந்துவிட வேண்டும். கீறல் விழுந்த வயர் அந்த இடத்தில் பலவீனமாகி, வளைக்கும்போது உடையலாம்.

*ஸ்க்ரூ டிரைவர்கள்:* தட்டை முனை இரண்டு மூன்று சைஸ், நட்சத்திர முனை ஒன்று இரண்டு. கனடாவில் சதுர முனை கட்டாயம் வேண்டும். ராபர்ட்சன் என்ற கனடியர் 1900-களின் தொடக்கத்தில் கொண்டு வந்த அந்தச் சதுரத் தலை ஸ்க்ரூ அங்கே சாதாரணமாகப் புழங்குகிறது.

*அளவுக் கருவிகள்:* 25 அடி இன்ச் டேப், ஒரு சின்ன ரசமட்டம், பென்சில். ரசமட்டத்தில் காந்தம் இருப்பது நல்லது. இரும்புப் பைப்பில் ஒட்டிக்கொள்ளும், கை இரண்டும் சும்மா இருக்கும். அமெரிக்காவில் எல்லாமே இன்ச்சிலும் அதன் பின்னங்களிலும்தான். ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கைப் பார்த்த உடனே சொல்லத் தெரியாத அப்ரண்டிஸுக்கு, விலை உயர்ந்த டேப் வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

*மற்றவை:* சுத்தியல், திருகி அளவு மாற்றும் ஸ்பேனர், ஆலன் கீ செட், நட் டிரைவர், ஹேக்ஸா ஃபிரேம், கத்தி, டார்ச், வோல்டேஜ் டெஸ்டர், இடுப்பில் கட்டும் டூல் பை, பூட்டு போட்ட பெட்டி.

ஹேக்ஸா 'ஃபிரேம்' என்று இருப்பதைக் கவனித்தீர்களா? ஃபிரேம் தொழிலாளியுடையது. தேயத் தேய மாற்ற வேண்டிய பிளேடு பொதுவாகக் கான்ட்ராக்டருடையது. இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

*கோடு எங்கே போடுகிறார்கள்?*

கையால் இயக்கும், வருஷக்கணக்கில் உழைக்கும் டூல்ஸ் தொழிலாளியின் பொறுப்பு. கரன்ட்டிலோ பேட்டரியிலோ ஓடுவது, தேய்ந்து தீருவது, பெரிதாக இருப்பது எல்லாம் கான்ட்ராக்டரின் பொறுப்பு. டிரில் மெஷின், டிரில் பிட், ஏணி, பைப் வளைக்கும் பெண்டர், சுவருக்குள் வயர் இழுக்கும் ஃபிஷ் டேப், பேனலில் ஓட்டை போடும் பஞ்ச் செட் எல்லாம் அந்தப் பக்கம். பெரும்பாலான ஒப்பந்தங்களின் சாரம் இவ்வளவுதான்.

பல ஒப்பந்தங்களில் இன்னும் இரண்டு வசதிகள் உண்டு. வேலையில் உடைந்துபோன டூலைக் கான்ட்ராக்டர் மாற்றித் தர வேண்டும். ராத்திரி டூல்ஸை வைக்கப் பூட்டிய இடம் தர வேண்டும், அங்கிருந்து திருடு போனால் ஈடு கட்ட வேண்டும். ஆனால், லிஸ்ட்டில் இருக்கும் டூலுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. நீங்களாகக் கொண்டு வந்த டிரில் மெஷின் காணாமல் போனால், அது உங்கள் தலையெழுத்து.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். ஆசைப்பட்டு ஒருவர் கொண்டு வந்தால் என்ன?

ஒரு சைட்டில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவரிடம் சொந்த டிரில் மெஷின் இருக்கிறது, இன்னொருவரிடம் இல்லை. ஆள் குறைக்க வேண்டிய நாள் வந்தால் கான்ட்ராக்டர் யாரை வைத்துக்கொள்வார்? விடை தெரிந்ததுதான். அடுத்த வாரம் இரண்டாவது ஆளும் கடன் வாங்கியாவது ஒரு டிரில் மெஷின் வாங்குவார். அதற்கு அடுத்து பெண்டர், அதற்கு அடுத்து ஏணி. கடைசியில் கான்ட்ராக்டர் செய்ய வேண்டிய முதலீடு முழுக்கத் தொழிலாளியின் வண்டி டிக்கியில் இருக்கும். சம்பளம் மட்டும் அதே சம்பளம்.

போட்டி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒருத்தர் ஆர்வத்தில் செய்தது, அடுத்தவருக்குக் கட்டாயமாகிவிடுகிறது. அதைத் தடுக்கத்தான் 'இதற்கு மேல் யாரும் கொண்டு வரக் கூடாது' என்று எல்லோருக்கும் சேர்த்து ஒரு கோடு. வேலையில் யார் முந்துவது என்பதைக் கைத்திறன் தீர்மானிக்கட்டும், யார் அதிகம் செலவு செய்தார் என்பது தீர்மானிக்க வேண்டாம் என்பதுதான் இதன் லாஜிக்.

சட்டமும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. அமெரிக்காவின் 1938-ம் ஆண்டு நியாயமான தொழிலாளர் தரச் சட்டப்படி, வேலைக்குத் தேவையான டூல்ஸைத் தொழிலாளியை வாங்கச் சொன்னால், அந்தச் செலவால் அவரது கூலி குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. யூனியன் லிஸ்ட் இதையும் தாண்டி, எந்தப் பொருள் யாருடையது என்று பெயர் சொல்லியே எழுதிவிடுகிறது.

*ரப்பர் பிடி உயிரைக் காப்பாற்றாது*

புது அப்ரண்டிஸ்கள் பலருக்கும் இருக்கும் ஆபத்தான நம்பிக்கை ஒன்று உண்டு. குறடின் கைப்பிடியில் சிவப்பு, நீல நிறத்தில் பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, ஷாக் அடிக்காது என்று நினைப்பது. தப்பு. சாதாரணக் குறடில் இருக்கும் அந்த உறை கை வழுக்காமல் இருக்கவும், பிடிக்க வசதியாக இருக்கவும்தான்.

உண்மையிலேயே மின்காப்பு உள்ள டூல் வேறு. அதில் இரட்டை முக்கோணக் குறியும் '1000 வி' என்ற எழுத்தும் அச்சிட்டிருக்கும். அந்தக் குறி இல்லை என்றால், கைப்பிடி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் நம்பக் கூடாது.

அதோடு, லைனில் கரன்ட் இருக்கும்போது வேலை செய்வதே அப்ரண்டிஸ் வேலை இல்லை. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி, 50 வோல்ட் அல்லது அதற்கு மேல் உள்ள பாகத்தில் கை வைப்பதற்கு முன் சப்ளையை நிறுத்துவதுதான் பொது விதி. விதிவிலக்கான சூழலிலும் தகுதி பெற்றவர்தான் தொடலாம். நிறுத்திய சுவிட்ச்சில் பூட்டு போட்டு, டேக் மாட்டி, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். வணிகக் கட்டடங்களில் 277, 480 வோல்ட் சர்வசாதாரணம். நம்ம வீட்டு 230-ஐவிட அதிகம்.

சரி, நிறுத்திவிட்டோம். உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் டெஸ்டர் வருகிறது. நம்ம ஊர் எலக்ட்ரீஷியன் பாக்கெட்டில் இருக்கும் நியான் லைட் டெஸ்டரை எல்லோருக்கும் தெரியும். பின்னால் விரலை வைத்தால் லைட் எரியும். அந்த லைட் எரியக் காரணமே, மிகச் சிறிய அளவு கரன்ட் உங்கள் உடல் வழியாகப் போவதுதான். உள்ளே இருக்கும் ரெசிஸ்டர்தான் அதைக் கட்டுப்படுத்துகிறது. நல்ல வெயிலில் லைட் எரிவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். காய்ந்த மர ஏணி மேல் நின்றால் எரியாமலேயும் போகலாம். அப்போது 'கரன்ட் இல்லை' என்று டெஸ்டர் பொய் சொல்கிறது.

அதனால் இரண்டு முனை கொண்ட டெஸ்டரோ மீட்டரோதான் நம்பிக்கையானது. வயரைத் தொடாமலே பீப் சத்தம் போடும் பேனா டெஸ்டர் வசதிதான். ஆனால், அது முதல் எச்சரிக்கைக்கு மட்டும். கடைசித் தீர்ப்புக்கு அதை நம்பக் கூடாது.

எந்த டெஸ்டராக இருந்தாலும் மூன்று படி:

1. கரன்ட் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் முதலில் சோதித்து, டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.
2. வேலை செய்யப்போகும் லைனில் சோதியுங்கள்.
3. மறுபடியும் கரன்ட் இருக்கும் இடத்தில் சோதியுங்கள். நடுவில் டெஸ்டரே பழுதாகிவிட்டதா என்று தெரிய இதுதான் வழி.

ஒரு நிமிஷம்கூட ஆகாது. லிஸ்ட்டில் காசு பார்க்காமல் வாங்க வேண்டிய பொருள் எது என்று கேட்டால், இதுதான்.

*எங்கே செலவு, எங்கே சிக்கனம்?*

பெயர் பெற்ற பிராண்டில் லைன்மேன் குறடு ஒன்றே சுமார் 40, 50 டாலர் ஆகும். முழு லிஸ்ட்டையும் அப்படி வாங்கினால் சில நூறு டாலர் போய்விடும். 2017 வரை டூல்ஸ் செலவையும் யூனியன் சந்தாவையும் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் இருந்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடிந்தது. 2018 முதல் மாதச் சம்பளக்காரர்களுக்கு மத்திய வரியில் அந்தச் சலுகை இல்லை. ஆக, போன காசு போனதுதான்.

புதிதாகச் சேருபவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவை:

- லிஸ்ட் கைக்கு வரும் முன் எதையும் வாங்க வேண்டாம். கடையில் 'எலக்ட்ரீஷியன் செட்' என்று விற்பதில் லிஸ்ட்டில் இல்லாதது பாதி இருக்கலாம்.
- தினமும் கையில் இருக்கும் மூன்றுக்கு மட்டும் நல்ல பிராண்ட்: லைன்மேன் குறடு, ஸ்ட்ரிப்பர், முக்கியமான ஸ்க்ரூ டிரைவர். சுத்தியலும் ஹேக்ஸா ஃபிரேமும் சாதாரணமானதே போதும்.
- எல்லாவற்றிலும் பெயரையோ கலர் டேப்பையோ ஒட்டுங்கள். ஒரே சைட்டில் ஐம்பது பேரிடம் ஒரே மாதிரிக் குறடு இருக்கும்.
- ஸ்க்ரூ டிரைவரை உளியாகப் பயன்படுத்தாதீர்கள். முனை மழுங்கும், ஸ்க்ரூ வழுக்கும், கை கிழியும்.
- ஹெல்மெட், கையுறை, கண்ணாடி போன்ற பாதுகாப்புப் பொருட்களுக்குப் பெரும்பாலும் நிறுவனம்தான் செலவு செய்ய வேண்டும். இது 2008 முதல் நடைமுறையில் உள்ள ஓஷா விதி. சாதாரணப் பாதுகாப்பு ஷூ, பவர் கண்ணாடி போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு.

*இதில் நமக்கு என்ன?*

எலக்ட்ரீஷியன் இல்லாதவர்களுக்கும் இந்த லிஸ்ட்டில் ஒரு கேள்வி இருக்கிறது. டெலிவரி வேலைக்குப் போகும் ஒருவர் யோசித்துப் பாருங்கள். பைக் அவருடையது, பெட்ரோல் அவருடையது, போன், டேட்டா, பஞ்சர் செலவு எல்லாம் அவருடையது. வீட்டில் இருந்து வேலை பார்ப்பவர்களில் எத்தனையோ பேர் நெட் பில், கரன்ட் பில், நாற்காலி எல்லாவற்றையும் சொந்தக் காசில் பார்த்துக்கொள்கிறார்கள். ஆபீஸ் லேப்டாப் ஸ்லோவாக இருக்கிறதே என்று சொந்த லேப்டாப்பில் வேலை செய்து கொடுத்தவர்களும் நம்மில் உண்டு.

ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்ன விஷயம். ஆனால், வேலை செய்யத் தேவையான பொருளில் எது யாருடைய செலவு என்று நம்மில் பெரும்பாலானவர்கள் எழுத்தில் பார்த்ததே இல்லை. அமெரிக்க எலக்ட்ரீஷியன்கள் அதை ஒரே தாளில் எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஹேக்ஸா ஃபிரேம் உன்னுடையது, பிளேடு என்னுடையது என்கிற அளவுக்கு.

உங்கள் வேலையில் ஃபிரேம் எது, பிளேடு எது? அடுத்த ஆஃபர் லெட்டர் வரும்போது சம்பளத் தொகையைப் பார்த்த கையோடு, இதையும் ஒருமுறை ஹெச்.ஆரிடம் கேட்டுவிடுங்கள்.